வால்யூமையே டெலீட் செய்துவிட்டார்கள், ஸ்னாப்ஷாட்டும் அதோடு போய்விட்டது. மீட்க வழி உண்டா?

நள்ளிரவு_அட்மின் | வியாழன், மாலை 6:50

வணக்கம் நண்பர்களே, அவசரம் என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். எங்களிடம் இரண்டு கன்ட்ரோலர் உள்ள நெட்ஆப் ஸ்டோரேஜ் இருக்கிறது, அதில் நெட்ஆப்பின் இயங்குதளமான ஆன்டேப் 9 ஓடுகிறது. பயன்பாட்டில் இல்லாத பழைய வால்யூம்களை (ஸ்டோரேஜில் தனித்தனியாகப் பிரித்த பகுதிகள்) நீக்கும் வேலை இன்று நடந்தது. பட்டியலில் இருந்தது டிசைன்_பழசு. ஆனால் வேலையைச் செய்த ஒப்பந்த ஊழியர் டிசைன் என்ற வால்யூமை அன்மவுண்ட் செய்து, ஆஃப்லைனில் போட்டு, டெலீட்டும் கொடுத்துவிட்டார். மதியம் மூன்று மணி வாக்கில் நடந்திருக்கிறது. டிசைன் பிரிவிலிருந்து "டிரைவ் திறக்கவில்லை" என்று வரிசையாகப் போன் வந்த பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது.

மொத்தம் 9 டிபி. முழு பேக்கப் வாரம் ஒருமுறைதான், கடைசியாகச் சனிக்கிழமை ஓடியது. அதற்குப் பிறகு அந்தப் பிரிவு செய்த வேலை முழுவதும் இந்த வால்யூமில் மட்டும்தான் இருந்தது. மணிக்கு ஒரு ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நிலையின் பதிவு) எடுத்துக்கொண்டுதான் இருந்தோம், ஆனால் அதெல்லாம் வால்யூமுக்குள்ளேயே இருப்பது, வால்யூம் போனால் அதுவும் போனதுதானே?

இன்னொரு குழப்பமும் இருக்கிறது. 9 டிபி நீக்கியும் அக்ரிகேட்டில் (வால்யூம்கள் இருக்கும் டிஸ்க்குகளின் தொகுப்பு) காலி இடம் கொஞ்சம்கூடக் கூடவில்லை. "ஏதோ மிச்சம் தொங்கிக்கொண்டிருக்கிறது, அதையும் பர்ஜ் செய்து, அதாவது நிரந்தரமாக அழித்து முடித்துவிடலாம்" என்கிறார் ஒருவர். மேலாளரோ டிஸ்க்குகளைக் கழற்றி டேட்டா ரிகவரி நிறுவனம் எதற்காவது அனுப்பலாமா என்று கேட்கிறார். எதைச் செய்வது, எதைச் செய்யக்கூடாது? தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

பழைய_டேப் | மாலை 6:58

பர்ஜ் செய்ய வேண்டாம். இதைப் படித்ததும் முதல் வேலையாக அந்த நண்பரைத் தடுத்து நிறுத்துங்கள், மற்றதைப் பிறகு பேசலாம்.

காலி இடம் திரும்ப வரவில்லை என்றீர்களே, இப்போதைக்கு உங்களுக்கு இருக்கும் மிக நல்ல செய்தி அதுதான். ஆன்டேப் 8.3-லிருந்து, ஒரு சாதாரண வால்யூமை டெலீட் செய்தால் அது உடனே அழியாது. பெயருக்குப் பின்னால் ஓர் எண்ணை ஒட்டி, ரிகவரி க்யூ என்ற வரிசையில் மறைத்து வைத்துவிடும். யாரும் மாற்றியிருக்காவிட்டால் 12 மணி நேரம் அங்கே இருக்கும். அதுவரை அதன் பிளாக்குகள் எல்லாம் பிடித்துவைக்கப்பட்டிருக்கும், அதனால்தான் அக்ரிகேட்டில் இடம் கூடவில்லை. மூன்று மணிக்கு நடந்தது என்றால் விடியற்காலை மூன்று மணி வரை அவகாசம் இருக்கிறது. அதற்காக இரண்டரை வரை காத்திருக்காதீர்கள், இப்போதே செய்யுங்கள்.

கட்டளை வரியில் கிளஸ்டருக்குள் போய் உரிமை நிலையை டயக் என்று மாற்றிக்கொள்ளுங்கள். சாதாரண அட்மின் நிலையில் இந்தக் கட்டளை கண்ணிலேயே படாது, நிறையப் பேருக்கு இப்படி ஒரு வசதி இருப்பதே தெரியாமல் போவதற்கும் அதுதான் காரணம். பிறகு வால்யூம் ரிகவரி-க்யூ ஷோ கொடுங்கள். டிசைன் என்ற பெயரோடு அடிக்கோடும் எண்ணும் ஒட்டிய ஒரு வரி தெரிய வேண்டும், கூடவே எப்போது டெலீட் ஆனது, எத்தனை மணி நேரம் வைத்திருக்கும் என்பதும் இருக்கும். அந்த முழுப் பெயரை எண்ணோடு சேர்த்து அப்படியே எடுத்து வால்யூம் ரிகவரி-க்யூ ரிகவர் கொடுக்க வேண்டும், எஸ்விஎம் (வால்யூமை வழங்கும் மெய்நிகர் சர்வர்) பெயரையும் சேர்த்து. திரும்பி வந்ததும் பழைய பெயருக்கு ரீநேம் செய்யுங்கள், ஆஃப்லைனில் இருந்தால் ஆன்லைன் செய்யுங்கள், பழைய ஜங்ஷன் பாதையிலேயே (வால்யூம் இணைந்திருந்த இடம்) மவுண்ட் செய்யுங்கள்.

ஸ்னாப்ஷாட் பற்றிக் கேட்டீர்கள். வால்யூம் திரும்பினால் அதற்குள் இருந்த ஸ்னாப்ஷாட்டுகளும் சேர்ந்தே திரும்பும்.

வேலை முடிந்ததும் டயக் நிலையிலிருந்து வெளியே வந்துவிடுங்கள். அந்த நிலையில் கை தவறினால் "நிச்சயமாகவா" என்று கேட்காமலேயே நடந்துவிடும் காரியங்கள் உண்டு. கை நடுங்குகிறது என்றால் நீங்களே செய்ய வேண்டாம், சப்போர்ட்டில் அதிகபட்ச அவசரத்தில் ஒரு கேஸ் திறந்து, அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே செய்யுங்கள்.

ஹைப்பர்வைசர் | மாலை 7:06

அண்ணன் சொன்னதுதான் சரி. மேலாளர் கேட்ட டிஸ்க் விஷயத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த யோசனை எல்லா இடத்திலும் யாராவது ஒருவர் வாயிலிருந்து வந்துவிடுகிறது.

வீட்டு லேப்டாப்பில் கோப்பு அழிந்தால் ஒரு மென்பொருளை ஓட்டி எடுத்துவிடுவோம். அந்த அனுபவத்தை வைத்து இங்கே யோசித்தால் இருப்பதும் போய்விடும். ஸ்டோரேஜ் அரேயில் ஒரு கோப்பு ஒரு டிஸ்க்கில் இருப்பதில்லை. 4 கேபி பிளாக்குகளாக வெட்டப்பட்டு, ரெய்டு குழுவில் உள்ள பல டிஸ்க்குகளில் பரவிக் கிடக்கும். டீடியூப் இருந்தால் ஒரே பிளாக்கை வெவ்வேறு கோப்புகள் பங்கு போட்டுக்கொள்ளும், கம்ப்ரஷன் இருந்தால் பிளாக்கின் உருவமே மாறியிருக்கும். எந்தப் பிளாக் யாருடையது என்ற கணக்கு கன்ட்ரோலருக்குத்தான் தெரியும். டிஸ்க்கிலேயே குறியாக்கம் இருந்தால் கழற்றிக் கொண்டுபோனவர் கையில் வெறும் இரைச்சல்தான் மிஞ்சும். அதைவிட முக்கியம், ஓடிக்கொண்டிருக்கும் அக்ரிகேட்டில் இரண்டு மூன்று டிஸ்க்கைக் கழற்றினால் மற்ற வால்யூம்களும் ஆபத்தில் மாட்டும். இன்றைக்கு ஒரு பிரிவுக்கு வேலை நின்றிருக்கிறது, அதை முழு அலுவலகத்துக்கும் ஆக்கிவிடாதீர்கள்.

இன்னொன்று, அந்த அக்ரிகேட்டில் பெரிய எழுத்து வேலை எதுவும் வைத்திருந்தால், வால்யூம் மூவ், மைக்ரேஷன், பெரிய பேக்கப் ரெஸ்டோர் இப்படி, எல்லாவற்றையும் நிறுத்தி வையுங்கள். இடம் தட்டுப்படும் நேரத்தில்தான் யாருக்காவது பர்ஜ் நினைவு வரும்.

நள்ளிரவு_அட்மின் | இரவு 7:49

கிடைத்துவிட்டது!

க்யூவில் இருந்தது, அண்ணன் சொன்ன மாதிரியே பெயருக்குப் பின்னால் எண்ணோடு. சப்போர்ட் ஆள் லைனில் இருக்கும்போதே ரிகவர் கொடுத்தோம், சில நொடிகளில் முடிந்துவிட்டது, 9 டிபி என்பதால் மணிக்கணக்கில் ஓடும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆஃப்லைனில்தான் வந்தது, ஆன்லைன் செய்து மவுண்ட் செய்தோம். மதியம் இரண்டு மணி ஸ்னாப்ஷாட் வரை எல்லாம் இருக்கிறது. டிசைன் பிரிவிலிருந்து ஒருவரைக் கூப்பிட்டு இன்று காலை அவர் சேமித்த வரைபடத்தைத் திறக்கச் சொன்னோம், திறந்தது, கடைசியாகப் போட்ட கோடு வரை இருந்தது.

ஆனால் விண்டோஸ் ஷேர் இல்லை. வால்யூம் இருக்கிறது, பாதை இருக்கிறது, ஷேர் மட்டும் காணோம். அதை மறுபடி உருவாக்கினால் போதுமா? அப்புறம் ஒரு கேள்வி, 12 மணி நேரம் தாண்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

பழைய_டேப் | இரவு 8:05

மிக்க மகிழ்ச்சி. நொடிகளில் முடிந்ததற்குக் காரணம், எந்த டேட்டாவும் நகரவில்லை. இருந்த இடத்திலேயே இருந்த வால்யூமை மறுபடி கணக்கில் சேர்த்தார்கள், அவ்வளவுதான்.

ஷேர் வால்யூமின் பகுதி இல்லை, எஸ்விஎம்மின் அமைப்பு. டெலீட் செய்தது சிஸ்டம் மேனேஜர் திரை வழியாக என்றால் ஷேரும் சேர்ந்து போயிருக்கும். அதே பெயரில் அதே பாதைக்கு மறுபடி உருவாக்குங்கள். கோப்புகளின் மேல் உள்ள என்டிஎஃப்எஸ் அனுமதிகள் வால்யூமுக்குள்ளேயே இருப்பதால் அவை அப்படியே இருக்கும், ஷேர் மேல் போட்டிருந்த அனுமதிப் பட்டியலைத்தான் கையால் போட வேண்டும். புதிதாக உருவாக்கும்போது எல்லோருக்கும் முழு அனுமதி என்று வந்து நிற்கும், அதை அப்படியே விட்டுவிடாதீர்கள். என்எஃப்எஸ் (லினக்ஸ் பக்கக் கோப்புப் பகிர்வு) இருந்தால் எக்ஸ்போர்ட் பாலிசி, லன் (சர்வருக்கு டிஸ்க் போலத் தெரியும் பகுதி) இருந்தால் அதன் மேப்பிங், ஸ்னாப்ஷாட் பாலிசி, கோட்டா, ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஸ்னாப்மிரர் (வால்யூமை வேறு இடத்துக்கு நகலெடுத்துக்கொண்டே இருக்கும் வசதி) இருந்திருந்தால் டெலீட் செய்வதற்கு முன்னால் அந்த உறவை அவர் வெட்டியிருப்பார், அதையும் மறுபடி கட்ட வேண்டும்.

12 மணி நேரம் தாண்டியிருந்தால் சனிக்கிழமை பேக்கப்தான். சப்போர்ட்டை அழைத்துப் பார்ப்பதில் தவறில்லை, ஆனால் விடுவிக்கப்பட்ட பிளாக்குகள் மேல் வேறு டேட்டா எழுத ஆரம்பித்துவிடும், அதை நம்பி யாருக்கும் வாக்குக் கொடுக்க முடியாது. வேறொரு பெட்டிக்கு ஸ்னாப்மிரர் ஓடிக்கொண்டிருந்தால் கதை வேறு. மூலத்தில் வால்யூமை டெலீட் செய்தால் எதிர்ப்பக்கத்தில் இருப்பது தானாக அழியாது, கடைசியாக எது போய்ச் சேர்ந்ததோ அது அங்கே இருக்கும். ஆனால் வால்யூமுக்குள் ஒரு கோப்பை அழித்தால் அடுத்த முறை மிரர் ஓடும்போது அந்த அழிப்பும் போய்ச் சேர்ந்துவிடும், அப்போது எதிர்ப்பக்கத்தில் பழைய ஸ்னாப்ஷாட்டுகள் எத்தனை வைத்திருக்கிறீர்கள் என்பதுதான் காப்பாற்றும். "மிரர் இருக்கே, பேக்கப் எதற்கு" என்று கேட்பவர்களிடம் இந்த வித்தியாசத்தைக் காட்டுங்கள்.

ஒரே ஒரு கோப்பு போனால் முழு வால்யூமையும் பழைய ஸ்னாப்ஷாட்டுக்குத் திருப்பிவிடாதீர்கள், இதையும் சொல்லிவிடுகிறேன். வால்யூம் ரிவர்ட் செய்தால் அந்த ஸ்னாப்ஷாட்டுக்குப் பிறகு எழுதியதும் போகும், அதற்குப் பிறகு எடுத்த ஸ்னாப்ஷாட்டுகளும் போகும். ஒரு கோப்பை மீட்கப் போய் ஆயிரம் பேரின் நாளை அழித்துவிடலாம். பெயர் புள்ளியில் தொடங்கும் ஸ்னாப்ஷாட் கோப்புறைக்குள் போய், விண்டோஸில் என்றால் முந்தைய பதிப்புகள் வழியாக, அந்தக் கோப்பை மட்டும் நகல் எடுத்தால் போதும்.

பூல்_இறக்குமதி | இரவு 8:40

நல்லபடியாக முடிந்ததற்கு வாழ்த்துகள். வேறு ஸ்டோரேஜ் வைத்திருப்பவர்கள் இந்த இழையைத் தேடி வருவார்கள், அவர்களுக்காகச் சொல்கிறேன். இந்த 12 மணி நேரம் எல்லா இடத்திலும் கிடையாது. பியூர் ஸ்டோரேஜில் டெலீட் செய்த வால்யூம் 24 மணி நேரம் நிரந்தர அழிப்புக்குக் காத்திருக்கும், சேஃப்மோட் போட்டிருந்தால் அதை 30 நாள் வரை நீட்டலாம், அந்தக் காலத்துக்குள் அட்மின் நினைத்தாலும் அழிக்க முடியாது. இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையில் இப்படி ஒரு வரிசையே இல்லை.

இசட்எஃப்எஸ்ஸில் முழு பூலையும் (டிஸ்க்குகளின் தொகுப்பு) டெஸ்ட்ராய் செய்திருந்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம். டிஸ்க்குகளை வேறு எதற்கும் பயன்படுத்தாமல் இருந்தால், பெரிய டி விருப்பத்தோடு இசட்பூல் இம்போர்ட் கொடுத்தால் அழிக்கப்பட்ட பூல்களைக் காட்டும், திரும்பவும் எடுத்துவிடலாம். பூல் நல்லபடியாக இருந்து உள்ளே ஒரு டேட்டாசெட்டை மட்டும் டெஸ்ட்ராய் செய்துவிட்டால்தான் கஷ்டம். அந்த நொடியே பூலை எக்ஸ்போர்ட் செய்துவிட வேண்டும். பழைய நிலைகளைச் சுட்டும் யூபர்பிளாக்குகள் டிஸ்க்கில் ஒரு சுழல் வரிசையில் இருக்கின்றன. புது எழுத்துகள் வர வர அந்தச் சுழலில் பழையவை மேலெழுதப்பட்டுவிடும். அதனால் பூலை மறுபடி ஏற்றும்போது படிக்க மட்டும் என்று ஏற்றி, பழைய பரிவர்த்தனை எண்ணுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். கிடைத்தால் உடனே வேறு இடத்துக்கு நகல் எடுக்க வேண்டும். முடிந்தால் இதையெல்லாம் மூல டிஸ்க்குகளில் செய்யாமல் பிளாக் அளவில் எடுத்த நகல்களில் செய்யுங்கள். ஆட்டோட்ரிம் போட்ட எஸ்எஸ்டி பூல் என்றால் நம்பிக்கை இன்னும் குறைவு.

பெரிய வேலைக்கு முன்னால் இசட்பூல் செக்பாயின்ட் (முழு பூலையும் திரும்பக் கொண்டுபோக உதவும் நிலைப்பதிவு) எடுத்துக்கொள்ளுங்கள். முக்கியமான ஸ்னாப்ஷாட்டுகள் மேல் ஹோல்டு போட்டு வையுங்கள், ஹோல்டு இருக்கும்வரை டெஸ்ட்ராய் கட்டளை மறுத்துவிடும். இரண்டும் இலவசம், ஒரு வரிக் கட்டளை, ஆனால் செய்பவர்கள் குறைவு என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

ஹைப்பர்வைசர் | இரவு 9:02

விஎம்வேர் பக்கமும் சொல்ல வேண்டும். விஎம்வேரின் கோப்பு முறைமையான விஎம்எஃப்எஸ் 6-ல், அதாவது விஸ்பியர் 6.5-லிருந்து, நீக்கப்பட்ட இடத்தை ஹோஸ்ட் தானாகவே அரேக்குத் திருப்பிக் கொடுக்கும், அன்மேப் என்று பெயர். பழைய காலத்தில் டெலீட் ஆன விஎம்டிகே (மெய்நிகர் கணினியின் டிஸ்க் கோப்பு) அரேயில் அப்படியே கிடக்கும், ரிகவரி ஆட்கள் எடுத்துவிடுவார்கள். இப்போது பின்னணியில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிளாக்குகள் விடுவிக்கப்படுவதால் நேரம் போகப் போகக் கையில் இருப்பது கரையும்.

அதனால் விஎம்டிகே போய்விட்டது என்று தெரிந்ததும் நான் முதலில் செய்வது, அந்த லன் மேல் அரே பக்கத்தில் ஒரு ஸ்னாப்ஷாட். அதற்குப் பிறகு எத்தனை அன்மேப் வந்தாலும் அந்த நொடியில் இருந்த பிளாக்குகளை ஸ்னாப்ஷாட் பிடித்து வைத்துக்கொள்ளும். அடுத்து அந்த டேட்டாஸ்டோரில் ஸ்பேஸ் ரிக்ளமேஷன் முன்னுரிமையை நன் என்று மாற்றுவேன். இதற்குப் பிறகு நிதானமாக யோசிக்க நேரம் கிடைக்கும்.

"உடனே எல்லாவற்றையும் நிறுத்து" என்ற விதிக்கு ஒரு விதிவிலக்கு உண்டு, அதையும் தெரிந்துகொள்ளுங்கள். லினக்ஸ் சர்வரில் ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸின் கோப்பை ஆர்எம் (நீக்கும் கட்டளை) செய்துவிட்டால் அந்த டேட்டாபேஸை நிறுத்தவே கூடாது, சர்வரை ரீபூட் செய்யவும் கூடாது. புரோசஸ் அந்தக் கோப்பைத் திறந்து வைத்திருக்கும்வரை பிளாக்குகள் விடுவிக்கப்படுவதில்லை. எல்எஸ்ஓஎஃப் (திறந்திருக்கும் கோப்புகளைப் பட்டியலிடும் கட்டளை) ஓட்டினால் டெலீடட் என்று குறித்துக் காட்டும், ப்ராக் கோப்பகத்தில் அந்தப் புரோசஸ் எண்ணுக்குள் எஃப்டி என்ற இடத்திலிருந்து அதை வெளியே நகல் எடுக்கலாம். எழுத்து நடந்துகொண்டிருந்தால் நகல் ஒத்திசைவில்லாமல் போகலாம், அதனால் அப்ளிகேஷன் பக்கம் எழுத்தை நிறுத்திவிட்டு எடுங்கள். பதற்றத்தில் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்பவர்கள்தான் கையில் இருந்த கடைசிப் பிரதியையும் இழக்கிறார்கள்.

தணிக்கை_மேசை | இரவு 9:31

நான் ஸ்டோரேஜ் ஆள் இல்லை, ஐடி தணிக்கையில் இருக்கிறேன். மீட்டது பெரிய விஷயம், ஆனால் நாளைக் காலை அந்த ஒப்பந்த ஊழியரின் பெயர் மட்டும் அறிக்கையில் வந்துவிடக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

2021 டிசம்பரில் கியோட்டோ பல்கலைக்கழக சூப்பர்கம்ப்யூட்டரில் நடந்ததைப் பாருங்கள். பழைய லாக் கோப்புகளை நீக்கும் பேக்கப் ஸ்கிரிப்டை, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே புதிய பதிப்பால் மாற்றினார்கள். பாஷ் (ஸ்கிரிப்டை ஓட்டும் நிரல்) ஸ்கிரிப்டைப் படித்துக்கொண்டே ஓடும் என்பதால் பாதியிலிருந்து புதியதைப் படித்தது, பாதையைச் சொல்லும் மாறி காலியாக இருந்தது, லாக்குக்குப் பதிலாக ஆராய்ச்சிக் கோப்புகளை அழித்தது. 77 டிபி, சுமார் 3.4 கோடி கோப்புகள், 14 ஆராய்ச்சிக் குழுக்கள். அதில் 4 குழுக்களின் டேட்டாவைப் பேக்கப்பிலிருந்தும் மீட்க முடியவில்லை. அமைப்பை வழங்கிய ஹெச்பிஇ-யின் ஜப்பான் நிறுவனம் முழுப் பொறுப்பையும் எழுத்தில் ஏற்றுக்கொண்டது.

2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் என்ற மென்பொருள் நிறுவனத்தில் தவறான சர்வரில் டேட்டாபேஸ் கோப்பகம் நீக்கப்பட்டது, சுமார் 300 ஜிபி-யில் 4.5 ஜிபி மிஞ்சியபோது நிறுத்தினார்கள். அன்றாட பேக்கப் கருவி பதிப்பு ஒத்துவராமல் சத்தமில்லாமல் தோல்வியடைந்துகொண்டிருந்தது, யாருக்கும் தெரியவில்லை. காப்பாற்றியது ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்கு முன்னால் வேறு வேலைக்காக ஒருவர் கையால் எடுத்திருந்த எல்விஎம் ஸ்னாப்ஷாட். மீட்பு வேலையை அவர்கள் நேரலையிலேயே காட்டினார்கள், விசாரணை அறிக்கையையும் வெளியிட்டார்கள், அந்த ஊழியர் மேல் பழி போடவில்லை. அந்த அறிக்கையை நான் புதிதாகச் சேருபவர்களுக்கெல்லாம் படிக்கக் கொடுக்கிறேன்.

உங்கள் இடத்தில் நான் கேட்கும் கேள்விகள்: டிசைன், டிசைன்_பழசு என்று இரண்டு பெயர்கள் எப்படி அருகருகே இருந்தன? ஆஃப்லைன் செய்த அன்றே டெலீட் செய்யும்படி வேலைச் சீட்டில் எழுதியது யார்? ஆஃப்லைன் போட்டு ஒரு வாரம் விட்டிருந்தால் முதல் போன் வந்ததும் ஆன்லைன் செய்து முடித்திருக்கலாம். அந்த ஊழியருக்கு டெலீட் உரிமை தனியாக எதற்கு?

நள்ளிரவு_அட்மின் | இரவு 10:15

ஷேர் வேலை முடிந்தது, அனுமதிகளைப் பழைய ஆவணத்தை வைத்துப் போட்டுவிட்டோம். எல்லோருக்கும் நன்றி. தணிக்கை அக்கா சொன்னதை மேலாளரிடம் அப்படியே காட்டினேன், அறிக்கையை வேலைச் சீட்டிலிருந்தே தொடங்கலாம் என்று ஒப்புக்கொண்டார். அந்த ஊழியரும் உடன் உட்கார்ந்து சரிபார்ப்பில் உதவினார்.

கடைசியாக ஒரு கேள்வி. இந்த 12 மணி நேரத்தைக் கூட்டலாமா? வெள்ளிக்கிழமை இரவு இது நடந்திருந்தால் திங்கள்கிழமைதான் தெரிந்திருக்கும்.

பழைய_டேப் | இரவு 10:31

கூட்டலாம். எஸ்விஎம் அளவில் வால்யூம் டெலீட் ரிடென்ஷன் மணி என்று ஓர் அமைப்பு இருக்கிறது, விசர்வர் மாடிஃபை கட்டளையில் மாற்றலாம். வார இறுதியைத் தாண்ட வேண்டும் என்றால் 72 என்று போடுங்கள். ஆனால் அந்த 72 மணி நேரமும் டெலீட் ஆன வால்யூம் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும், அக்ரிகேட் 90 சதவீதம் நிரம்பியிருந்தால் முதலில் இடத்துக்கு வழி பாருங்கள். இல்லையென்றால் மறுபடி யாராவது பர்ஜ் என்று கிளம்புவார்கள். தற்காலிகமாக உருவாக்கி அழிக்கும் டெஸ்ட் வால்யூம்களை வேறு எஸ்விஎம்மில் வைத்தால் அதற்குப் பழைய 12 மணி நேரமே போதும்.

அப்புறம் ஆன்டேப் 9.11.1 அல்லது அதற்கு மேல் என்றால் மல்டி-அட்மின் வெரிஃபிகேஷன் போடுங்கள். வால்யூம் டெலீட், ஸ்னாப்ஷாட் டெலீட் இரண்டுக்கும் இன்னோர் அட்மின் ஒப்புதல் கொடுத்தால்தான் கட்டளை ஓடும். ஒப்புதல் குழுவில் ஒரே ஷிப்ட் ஆட்களை மட்டும் போடாதீர்கள், இரவில் ஒருவர் லீவு என்றால் நியாயமான வேலையும் நின்றுவிடும். 9.12.1-லிருந்து ஸ்னாப்ஷாட்டையே காலக்கெடு வரை பூட்டி வைக்கலாம், ஸ்னாப்லாக் உரிமம் வேண்டும். ரான்சம்வேர் வந்து அட்மின் கடவுச்சொல்லே வெளியே போனாலும் அந்த ஸ்னாப்ஷாட்டை அழிக்க முடியாது. காலக்கெடுவை எடுத்த எடுப்பில் நீளமாகப் போடாதீர்கள், பூட்டியதை நீங்களும் திறக்க முடியாது, இடம் அதுவரை போனதுதான்.

இந்த வார சனிக்கிழமை பேக்கப்பைத் தள்ளிப்போட வேண்டாம். ஓடி முடிந்ததும் அதிலிருந்து ஒரு கோப்புறையை வேறு இடத்தில் ரெஸ்டோர் செய்து, டிசைன் பிரிவிலிருந்து இன்று வந்தவரையே கூப்பிட்டுத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். ஏதாவது திறக்காவிட்டால் இங்கேயே எழுதுங்கள், பார்க்கலாம்.